ஷாகாவுக்குப் பிறகு அவர் மகன் ஏன் ஜூலு அரசராகவில்லை?

சுருக்கமாகச் சொன்னால், தென்னாப்பிரிக்காவின் ஜூலு இன மக்களை ஆண்ட ஷாகா, மகன் என்று யாரையும் ஏற்றுக்கொள்ளவே இல்லை. வாரிசு வளர்ந்தால் தன் நாற்காலிக்கே ஆபத்து என்று பயந்தார் என்பார்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது. அவரே அப்படி வந்தவர்தானே! 1816-இல் தந்தை சென்சாங்ககோனா இறந்தபோது பட்டம் சிகுஜானா என்ற இன்னொரு மகனுக்குத்தான் போனது. ம்தெத்வா என்ற இன்னொரு இனக்குழுவின் தலைவர் திங்கிஸ்வாயோவின் ஆதரவோடு ஷாகா அதைப் பறித்தார், சிகுஜானா கொல்லப்பட்டார்.



1828 செப்டம்பரில் வேறு தாய்க்குப் பிறந்த சகோதரர்கள் திங்கானே, ம்லாங்கானா இருவரும் பணியாளர் ம்போபாவோடு சேர்ந்து ஷாகாவைக் குத்திக் கொன்றார்கள். அப்புறம் திங்கானே ம்லாங்கானாவையும் தீர்த்துக்கட்டிவிட்டு அரசரானார். ஆனால் ம்பாண்டே என்ற தம்பியை மட்டும், இவனால் என்ன ஆகப்போகிறது என்று விட்டுவைத்தார். அந்த ம்பாண்டேதான் 1840-இல் போயர்களின் (தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சாவளியினர்) துணையோடு திங்கானேயை விரட்டிவிட்டு, 1872 வரை ஆண்டார். இன்றைய ஜூலு அரச குடும்பம் அவருடைய வழிவந்ததுதான்.