கவாத்து இயந்திர மானியம்: யாருக்கு மதிப்பெண், யாருக்குச் சீட்டு?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிகளுக்கு மானியத்தில் கவாத்து இயந்திரம் (தேயிலைச் செடியை வெட்டிக் குட்டையாக்குவது) கொடுக்கும் தேர்வுக் குழுவில் இருக்கிறேன். 140 மனு, 40 இயந்திரம். மதிப்பெண் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறோம். ஆனாலும் போன தடவை கொடுத்ததில் பாதி கொட்டகையில் கிடக்கிறது. எங்கே தப்பு?

பதில்: திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையை முதலில் எடுத்துப் பாருங்கள். பதிவு மூப்பு, இட ஒதுக்கீடு என்று அதில் எழுதியிருப்பதைக் குழு மாற்ற முடியாது. உங்கள் முடிவுக்கு விட்டிருக்கும் இடத்துக்குத்தான் கீழே உள்ளது பொருந்தும்.

கொட்டகையில் கிடப்பதற்கு விவசாயியைக் குறை சொல்ல வேண்டாம். ஒரு தோட்டத்துக்குக் கவாத்து நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறைதான். தோட்டத்தை நாலாகப் பிரித்து வருடம் ஒரு பங்கு வெட்டினாலும், ஒரு ஏக்கர்காரருக்கு வருடத்தில் 25 சென்ட் வேலை. அதற்கு ஒரு இயந்திரமா? ஆகவே மனுவில் இப்படிக் கேளுங்கள்: இந்த இயந்திரம் யார் யார் தோட்டத்துக்குப் போகும், இந்த வருடம் கவாத்துக்கு வரும் பரப்பு எவ்வளவு? பக்கத்துத் தோட்டக்காரர்களின் கையெழுத்தும் சர்வே எண்ணும் அதிலேயே வரட்டும். இந்த ஒரு கேள்வி பழைய மதிப்பெண் தாளில் பாதிக்குச் சமம்.

'ஆர்வம்', 'முன்னேறும் வாய்ப்பு' மாதிரித் தலைப்புகளை எடுத்துவிடுங்கள். நைஜீரியாவில் 2011-இல் தொழில் தொடங்குவோருக்கு அரசு நடத்திய மானியப் போட்டியைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நடுவர்கள் திட்ட அறிக்கைக்குப் போட்ட மதிப்பெண்ணுக்கும், மூன்று வருடம் கழித்து அந்தத் தொழில் இருந்த நிலைக்கும் தொடர்பே இல்லை. தாளில் நன்றாக எழுதுவது வேறு, தொழிலை நடத்துவது வேறு. காகிதத்திலோ நேரிலோ சரிபார்க்கக்கூடியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: தொழிற்சாலைக்கு இலை போட்ட கணக்கு, கடைசியாகக் கவாத்து செய்த வருடம், பாத்தியின் சரிவு.

பட்டாவுக்கு மதிப்பெண் போடுவதிலும் கவனம் வேண்டும். தாத்தா பெயரில் கூட்டுப் பட்டா கிடக்கும் வீட்டுப் பெண்கள் முதலிலேயே விழுந்துவிடுவார்கள். நீலகிரியின் கூடலூரில் இதே தாளைப் பயன்படுத்தினால், 1969 ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் (பழைய ஜமீன் போன்ற ஜன்மி நிலவுரிமையை ஒழித்த சட்டம்) 17-ஆம் பிரிவில் வரும், உரிமை தீராத நிலத்தில் இருப்பவர்களும் அப்படியே.

மதிப்பெண் போடுமுன் ஒத்திகை பாருங்கள். பத்து மனுவை இரண்டு பேர் தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல் மதிப்பிடட்டும். ஒரே மனுவுக்கு ஒருவர் 70, இன்னொருவர் 45 என்று வந்தால் ஆளில் கோளாறில்லை; அந்தக் கேள்வியின் வாசகத்தில்தான். அதைத் திருத்திவிட்டு மீதியைத் தொடுங்கள்.

பிறகு, தகுதியே இல்லாதவற்றைக் கழியுங்கள். எல்லாரிடமும் உயர்ந்த மதிப்பெண் பெற்ற பத்து பேருக்கு நேரே கொடுக்கலாம். நடுவில் 61-க்கும் 63-க்கும் வித்தியாசம் காண்பது வீண் வேலை. அங்கே சீட்டுக் குலுக்குங்கள். நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிக் குழு 2013-இல் ஒருவகை மானியத்தைத் தகுதியானவர்களிடையே குலுக்கல் முறையில் தரத் தொடங்கியது. ஒரே அளவுத் தாள், ஒரே மாதிரி மடிப்பு, பெயருக்குப் பதில் மனு எண். மனுதாரர்கள் முன்னிலையில் ஒரு பள்ளிப் பிள்ளை எடுக்கட்டும். 30 பேரோடு நிறுத்தாமல் கடைசிச் சீட்டு வரை எடுத்து வரிசையாக எழுதுங்கள். யாராவது விலகினால் அடுத்தவர் தயார்.

சீட்டு விழாதவர்கள்தான் உங்கள் ஒப்பீட்டுக் குழு. மனுவே போடாதவரோடு ஒப்பிட்டால், முனைப்புள்ளவர் முன்னேறியது இயந்திரத்தால் என்று தோன்றிவிடும். ஒரு வருடம் கழித்து இரு தரப்பையும் போய்ப் பாருங்கள். ஆனால் இலை எடையைக் கேட்காதீர்கள். கவாத்து செய்த செடி மாதக்கணக்கில் இலை தராது. இயந்திரம் வாங்கியவர் நஷ்டப்பட்ட மாதிரிக் கணக்கு வரும். கவாத்துக்கு ஏக்கருக்கு எத்தனை ஆள் கூலி போனது, இயந்திரம் எத்தனை நாள் ஓடியது என்று கேளுங்கள். வாயால் சொல்வதோடு விடாமல் பிளேடையும் பாருங்கள்; ஓடிய பிளேடில் தீட்டிய தடம் இருக்கும். முப்பது பேரில் பெரிய வித்தியாசம்தான் தெரியும், சின்னதை நம்பி அடுத்த வருடத் திட்டத்தை மாற்ற வேண்டாம்.

இன்னொன்று: சீட்டு விழாதவர்களுக்கு அடுத்த சுற்றில் முன்னுரிமை என்று நெறிமுறை இடம் கொடுத்தால் குலுக்கும் அன்றே அறிவித்துவிடுங்கள். ஒரு வருடம் கழித்துக் கூலிக் கணக்குக் கேட்டுப் போகும்போது உட்காரச் சொல்லி டீ கொடுப்பார்கள்.