பேனா தயங்கிய இடத்தை எழுதுங்கள்

உங்கள் அசைன்மென்ட்டில் "எல்லோரையும் மதிக்கிறேன்" என்ற வரியை முதலில் அடித்துவிடுங்கள். பாலியல் குறித்த உங்கள் மனப்பான்மையை எழுதச் சொன்னால் மூன்று பக்கத்துக்கு, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவும், மனமொத்த வயதுவந்தோருக்கு அது குற்றமல்ல என்ற 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் எழுதியிருக்கிறீர்கள். மேடம் "இதில் நீங்கள் எங்கே?" என்று திருப்பித் தராமல் என்ன செய்வார்?

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்கிறவர் இப்படித்தான் நினைக்கவேண்டும் என்று விடையை முன்பே வைத்துக்கொண்டு எழுதுகிறீர்கள் போல. நானும் அப்படித்தான். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் களப்பணியில், கணவரை இழந்த ஓர் அக்கா, தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்தபடியே, தனக்கு இப்போது ஒருவர் இருக்கிறார் என்று சாதாரணமாகச் சொன்னார். நான் நோட்டில் எழுதியது: 'குடும்பப் பிரச்சினை'. பிரச்சினை அவருக்கு இல்லை, எனக்கு. அந்த ஒரு சொல்லை வைத்தே நாலு பக்கம் வந்தது.

உங்கள் களக்குறிப்பேட்டை எடுங்கள். எங்கே 'அந்த மாதிரி', 'தவறான உறவு' என்று மழுப்பியிருக்கிறீர்கள்? பக்கத்திலேயே, அப்படி நினைக்க முதலில் கற்றுக்கொடுத்தது யார் என்று எழுதுங்கள். அம்மாயியா, டீச்சரா, ஹட்டி (படுகர் ஊர்) பெரியவர்களா?

கூச்சம் வேண்டாம். 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலின இணையர் வழக்கொன்றில், தன் புரிதல் போதாது என்று உளவியலாளரிடம் போய் அமர்ந்தார். அதை உத்தரவிலேயே பதிவும் செய்தார்.

ஆனால் சொந்த அந்தரங்கத்தைக் கொட்டாதீர்கள், மார்க் போடுகிறவர் படிக்கும் தாள் அது. எஸ்டேட் பெயரும் வேண்டாம். நம் மலையில் ஆளைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் போதும்.