மிசௌரி மான், ஊசுட்டேரி நாரை: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்விங்கள்ல பாதி வேட்டை, ஏரி, பறவை பத்திதான். மழை முடிஞ்சி நீர்க்கோழி எறங்க ஆரம்பிச்சாலே நம்ம கடலூர், புதுச்சேரி பக்கம் பேச்சு அங்கதான் போவும். அதனால சமையல், ஜாதகம் கேட்டவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும்.

ஐயா, எங்க மச்சான் அமெரிக்காவுல மிசௌரியில இருக்காரு. ஒரு ஆக்சிடென்ட்டுக்கு அப்பறம் வீல்சேர்தான். போன நவம்பர்ல மான் சுட்டதா போட்டோ அனுப்பினாரு, பின்னாடி போர்டுல 'கன்சர்வேஷன் ஏரியா'ன்னு போட்டிருக்கு. பாதுகாக்குற எடத்துல எப்படிங்க சுட உடுறாங்க, அதுவும் வீல்சேர்ல இருக்கறவர? நான் டூரிஸ்ட் விசாவுல போனா நானும் சுடலாமா? – வாசகர், நெல்லிக்குப்பம்

உங்க மச்சான் திருட்டுத்தனம் எதுவும் பண்ணல, பயப்படாதீங்க. அங்க கணக்கே வேற. மிசௌரியில 1976-ல மக்கள் ஓட்டு போட்டு ஒரு தனி வரி கொண்டாந்தாங்க, கடையில 8 டாலருக்கு சாமான் வாங்கினா 1 சென்ட் காடு, குளம், விலங்கு பாதுகாப்புக்கு போயிடும், அந்த காசுலயும் லைசென்ஸ் காசுலயும்தான் அந்த ஏரியாவ எல்லாம் வாங்கி பராமரிக்கறாங்க. இது இல்லாம நாடு முழுக்க 1937-ல இருந்தே துப்பாக்கி, தோட்டா விற்பனை மேல ஒரு வரி இருக்கு, அதுவும் மாநிலங்களோட விலங்கு பாதுகாப்புக்குத்தான் போவுது. வாத்து சுடணும்னா 16 வயசு ஆனவங்க எல்லாம் 25 டாலர் குடுத்து ஒரு ஸ்டாம்ப் வாங்கணும், 1934-ல ஆரம்பிச்சது, அந்த காசுல 100-க்கு 98 பங்கு சதுப்பு நிலம் வாங்கவும் காப்பாத்தவும் செலவாவுது. வேட்டைக்காரன் காசுல பறவைக்கு எடம் வாங்கறது நமக்கு விசித்திரமாத்தான் இருக்கும், ஆனா அங்க அது ஓடுது. வெள்ளைவால் மான் அங்க ஏராளம், தின்னு தீர்க்க ஓநாய், மலைச்சிங்கம் பெருசா இல்ல, அதனால எத்தன சுடலாம், எந்த மாசம்னு கணக்கு போட்டுத்தான் உடுறாங்க.

உடுறாங்கன்னா இஷ்டத்துக்கு இல்ல. மான் சீசன்ல துப்பாக்கி எடுத்துட்டு போனா ஆரஞ்சு தொப்பியும் ஆரஞ்சு ஜாக்கெட்டும் போட்டே ஆவணும், அடுத்தவன் உங்கள மான்னு நெனச்சி சுட்டுடக் கூடாதுல்ல. 1967-லயோ அதுக்கு அப்பறமோ பொறந்தவங்க பொதுவா வேட்டைப் பயிற்சி முடிச்ச சான்று காட்டணும். தானியம் கொட்டி மானை வரவழைக்கக் கூடாது. சுட்டா அன்னிக்கு ராத்திரி 10 மணிக்குள்ள துறைக்கு தகவல் பதிவு பண்ணணும். கறிய விக்கவே கூடாது, வீட்டுல சாப்பிடலாம், சும்மா குடுக்கலாம், ஏழைங்களுக்கு சாப்பாடு குடுக்கற எடத்துக்கு தானம் பண்ண தனி ஏற்பாடே இருக்கு. வேடிக்கை பாக்க போறவங்களுக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு.

வீல்சேர் விஷயத்துக்கு வர்றேன், எனக்கு பிடிச்சதே இதுதான். நடக்க முடியாதவங்களுக்கு பல மாநிலங்கள்ல தனி பர்மிட் இருக்கு, டாக்டர் சான்று குடுத்தா நிறுத்தி வச்ச வண்டியில உக்காந்தபடியே சுடலாம். மத்தவங்க அப்படி செஞ்சா குற்றம். சில ஏரியாவுல மறைஞ்சி உக்கார்ற குடிசைய, வீல்சேர் உள்ள போற அகலத்துல வாசல் வச்சி, ஜன்னல உக்காந்தவன் கண்ணு மட்டத்துக்கு எறக்கி, அதுவரைக்கும் கெட்டியான பாதை போட்டு வச்சிருப்பாங்க, முன்கூட்டியே பதிவு பண்ணிக்கணும். இன்னொண்ணு, மோட்டார் வண்டியே நுழையக் கூடாதுன்னு மத்திய சட்டம் சொல்ற அடர்காட்டுல கூட வீல்சேர் போலாம்னு 1990-ல வந்த மாற்றுத்திறனாளி சட்டத்துலயே எழுதிட்டாங்க. பேட்டரி வீல்சேரும் போலாம், வீட்டுக்குள்ள ஓட்டக்கூடியதா இருந்தா சரி. எவ்ளோ எளிமையான அளவுகோல் பாருங்க.

நீங்க சுடலாமாங்கறீங்களா... டூரிஸ்ட் விசாவுல போனவங்க துப்பாக்கி கையில வச்சிருக்கறதே அங்க மத்திய சட்டப்படி தப்பு, வேட்டை லைசென்ஸ் முறையா வாங்கினவங்களுக்கு மட்டும் விலக்கு இருக்கு. வெளியூர்க்காரங்களுக்கு லைசென்ஸ் கட்டணமும் அதிகம். என்ன கேட்டா, மச்சான் கூட பைனாகுலர் எடுத்துட்டு போய் உக்காந்துட்டு வாங்க. கொம்ப பெட்டியில வச்சி சென்னைக்கு கொண்டு வர்ற யோசனை இருந்தா அத அங்கயே விட்டுடுங்க, கஸ்டம்ஸ்ல மாட்டினா அக்கா மாப்பிள்ளை உறவெல்லாம் உதவாது.

எங்க ஊர் ஏரி சரணாலயம் கெடையாது. அங்க கொக்கு, மடையான், காட்டு வாத்த வலை போட்டு பிடிக்கறாங்க, கேட்டா 'இது பறவை சரணாலயமா என்ன, பொதுப்பணித்துறை ஏரிதானே'ங்கறாங்க. சரியா? – வாசகர், குறிஞ்சிப்பாடி

சுத்த தப்பு. சரணாலயம்ங்கறது கூடுதல் பூட்டு, அவ்ளோதான். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 9-வது பிரிவு போட்ட தடை ஏரிக்கும், வயலுக்கும், உங்க வீட்டு மாமரத்துக்கும் சேர்த்துத்தான். வேட்டைன்னா சுடறது மட்டும்னு நம்ம ஆளுங்க நெனச்சிட்டு இருக்காங்க. சட்டத்துல கண்ணி வைக்கறது, வலை விரிக்கறது, இரை போட்டு இழுக்கறது, விரட்டறது, பறவையோட கூடு கலைக்கறது, முட்டைய எடுக்கறது எல்லாமே வேட்டைதான், முயற்சி பண்ணாலே போதும். உண்டிவில்லும் சேர்த்தி. ஏர் கன்னுக்கு லைசென்ஸே வேணாமேன்னு ஒரு தம்பி தனியா எழுதியிருக்காரு, சின்ன ஏர் கன் வச்சிருக்க லைசென்ஸ் தேவையில்லங்கறது உண்மைதான், அதனால குருவி சுடலாம்னு ஆயிடுமா தம்பி? மோட்டார் சைக்கிள் வச்சிருக்கலாம்னா ஆள் மேல ஏத்தலாம்னு அர்த்தமா?

தண்டனை 2022 திருத்தத்துக்கு அப்பறம் ஏறிடுச்சி. முதல் அட்டவணையில (அதிக பாதுகாப்பு குடுத்திருக்கற பட்டியல்) இருக்கற விலங்க வேட்டையாடினாலோ சரணாலயத்துக்குள்ள வேட்டையாடினாலோ 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில், கூடவே கொறஞ்சது 25,000 ரூபா அபராதம். மத்த பறவைக்கு 3 வருஷம் வரை ஜெயில் இல்லன்னா 1 லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். உடும்பு முதல் அட்டவணை, மூட்டு வலிக்கு உடும்பு ரத்தம்னு கேட்டு அலையிறவங்க மறுபடி ஒரு தடவ படிச்சிக்கங்க. கடல் ஆமையும் முதல் அட்டவணைதான், தேவனாம்பட்டினம் கரையில ஜனவரியில இருந்து ஏறி வந்து முட்டை போடுமே அந்த பங்குனி ஆமை. முட்டைய தொட்டாலும் கேஸ்.

எனக்கு கோவம் வலை போடறவன் மேல பாதிதான். ரோட்டோரம் கால கட்டி தொங்க விட்டு விக்கறவங்க பொழப்புக்கு வழியில்லாத ஜனம், வண்டிய ஓரம் கட்டி கண்ணாடிய எறக்கி பேரம் பேசறவரு யாரு? காட்டு விலங்கும் அதோட கறியும் அரசாங்கத்து சொத்து, அத வாங்கி வச்சிருக்கறதும் குற்றம்தான், ஆனா பிடிபடறது எப்பவும் ஒரு பக்கம் மட்டும்தான். கடையில கெடைக்கற காடை வளர்ப்பு ஜப்பான் காடை, நாக்கு கேட்டா அத சாப்பிட்டுக்கங்க.

வேடந்தாங்கல்ல 18-ம் நூற்றாண்டு கடைசியிலயே, வெள்ளைக்கார சிப்பாய்ங்க பறவை சுடறாங்கன்னு ஊர் ஜனமே கலெக்டர்கிட்ட போய் நின்னு தடுத்திருக்காங்க. பறவை எச்சம் கலந்த தண்ணி வயலுக்கு உரம்னு தெரிஞ்ச விவசாயிங்க. உங்க ஊர் பாசன சங்கத்துல இத சொல்லிப் பாருங்க, சட்டம் பேசறத விட வேலை செய்யும்.

காட்டுப்பன்னி மணிலாவ (வேர்க்கடலைய) தோண்டி தோண்டி நாசம் பண்ணுது. 2025-ல சுடலாம்னு கவர்மென்ட் சொன்னதா கேள்வி. நாங்களே சுடலாமா, இல்ல வேலியில கரண்ட் குடுக்கலாமா? – விவசாயி, விருத்தாசலம்

சுடறது வனத்துறை ஆளுங்கதான், நீங்க இல்ல. காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள தொடவே கூடாது, 1-ல இருந்து 3 கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சி காட்டுல விடணும், 3-க்கு மேல இருந்தா பயிற்சி எடுத்த வனத்துறை ஊழியர் சுடலாம், இதுதான் அந்த ஏற்பாடு. விஏஓ மூலமாவோ நேராவோ ரேஞ்சர் ஆபீஸ்ல மனு குடுங்க, சேதத்த போட்டோ எடுத்து வைங்க, நிவாரணத்துக்கும் அதுவே தேவைப்படும். பன்னி உங்க மேலயே பாஞ்சி உயிருக்கு ஆபத்துன்னு அடிச்சா அது வேற, சட்டம் அத குற்றமா பாக்காது, ஆனா செத்த பன்னி அப்பவும் அரசு சொத்துதான், குழம்பு வைக்க முடியாது.

கரண்ட் வேலி மட்டும் வேணவே வேணாங்க. மெயின் லைன்ல இருந்து கம்பிய இழுத்து விட்டுட்டு, ராத்திரி தண்ணி பாய்ச்ச போன பக்கத்து கொல்லைக்காரர் செத்த செய்திய எத்தன தடவ படிச்சிருப்போம். அவுட்டுக்காயும் (தீனிக்குள்ள வைக்கற நாட்டு வெடி) அப்படித்தான், மாடு கடிச்சி வாய் கிழிஞ்சி நிக்கும்.

எங்க அப்பாவுக்கு 71 வயசு, பக்கவாதம் வந்து வீல்சேர்ல இருக்காரு. சின்ன வயசுல ஊசுட்டேரி கரையில சுத்தினவரு, இப்ப ஒரு தடவ பறவைய பாக்கணும்ங்கறாரு. கூட்டிட்டு போலாமா, பர்மிட் ஏதாவது வேணுமா? – வாசகி, வில்லியனூர்

கண்டிப்பா கூட்டிட்டு போங்கம்மா. ஊசுட்டேரி பாதி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு, புதுச்சேரி பக்கத்த 2008-ல சரணாலயமா அறிவிச்சாங்க, தமிழ்நாட்டு பக்கமும் பின்னாடி ஆச்சு. சரணாலயத்துக்குள்ள நுழையணும்னா சட்டப்படி அனுமதி வேணும், சுற்றுலாவுக்கு திறந்து விட்ட எடத்துல டிக்கெட்டே அந்த அனுமதி. ஆயுதம் கூடாது, தீ மூட்டக் கூடாது, குப்பை போடக் கூடாது, பறவைய விரட்டக் கூடாது. கல்லெறிஞ்சி பறக்க விட்டு ரீல்ஸ் எடுக்கறதும் இதுல வரும், பசங்கள கூட்டிட்டு போனா சொல்லி வைங்க.

நவம்பர்ல இருந்து பிப்ரவரி நல்ல காலம், காலைல வெயில் ஏறறதுக்குள்ள போயிடணும். கரையோரம் ரோடு போவுது, அகலமான எடமா பாத்து வண்டிய முழுசா ஓரம் கட்டி, எஞ்சின நிறுத்தி, கண்ணாடிய எறக்கி விட்டு அப்பாவ வண்டியிலயே உக்கார வைங்க. பறவை ஆளப் பாத்துத்தான் மிரளும், நிக்கற காரப் பாத்து அவ்ளோ மிரளாது. நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், கூட்டம் கூட்டமா நாமக்கோழி எல்லாம் கண்ணுல படும், கூழைக்கடா வந்திருந்தா அதிர்ஷ்டம். ஒரு பைனாகுலர் இரவல் வாங்கிக்கங்க, ஒரு கை வேலை செய்யலன்னா கதவு மேல துண்டு மடிச்சி வச்சி அதுல சாய்ச்சி பிடிக்கலாம்.

நான் பாத்த ஒரு ஏரியில, பேர் வேணாம், பறவை பாக்கற கோபுரம்னு கட்டி வச்சிருக்காங்க, எல்லாம் படிக்கட்டு, கீழ நின்னா கைப்பிடிச் சுவர்தான் தெரியும். நெல்லிக்குப்பத்துக்காரர் கேள்விக்கு மேல பதில் சொல்லும்போதே இதுதான் மனசுல ஓடிச்சி, அவங்க துப்பாக்கி நமக்கு வேணாம், 1972 சட்டத்த 1991-ல திருத்தி அந்த கதவ முழுசா சாத்தினது சரின்னுதான் நான் சொல்லுவேன், ஆனா அந்த கெட்டிப் பாதையும் தாழ்ந்த ஜன்னலும் பறவை பாக்கறதுக்கு போட ஒரு சட்டமும் தடுக்கலயே? தடுக்கலங்கறது என்ன, போடணும்னே சட்டம் இருக்கு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். விதிகள வெறும் ஆலோசனை மாதிரி எழுதி வச்சா பத்தாது, கட்டாயமாக்கணும்னு உச்ச நீதிமன்றமே 2024 நவம்பர்ல சொல்லிடுச்சி. சென்னை மெரினாவுல 2022-ல மரப்பாதை போட்டு வீல்சேர கடல்கிட்ட கொண்டு போனாங்க, அடுத்த மாசமே மாண்டஸ் புயல் அத பிச்சி போட்டுச்சி, சரி பண்ணாங்க. கடல் ஓரத்துலயே முடியும்னா ஏரிக்கரைக்கு என்ன கேடு?

அதனால போயிட்டு வந்த பிறகு ஒரு வேலை பண்ணுங்கம்மா. அப்பாவோட யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) நகல் வச்சி, எந்த எடத்துல படி இருக்கு, எங்க வீல்சேர் நின்னு போச்சின்னு போட்டோவோட புதுச்சேரி வனத்துறைக்கு ஒரு மனு, சமூக நலத்துறைக்கு ஒரு நகல். 'வசதி செய்து தரவும்'னு பொதுவா எழுதாதீங்க, எங்க சரிவுப் பாதை, எங்க பார்க்கிங், எங்க கழிவறைன்னு எடம் சொல்லி எழுதுங்க.

பிச்சாவரத்துல வீல்சேரோட போட்டுல ஏற முடியுமா? – வாசகர், சிதம்பரம்

வீல்சேரோட கஷ்டம், துடுப்புப் படகு தாழ்வா ஆடிக்கிட்டே இருக்கும். தூக்கி எறக்க தெம்பான ஆள் ரெண்டு பேர், லைஃப் ஜாக்கெட், முதுகுக்கு சாய்மானம் இல்லாம முடியாது. முன்னாடி நாளே போன் பண்ணி பெரிய மோட்டார் படகு உண்டான்னு கேளுங்க, கூட்டம் இல்லாத நாளா பாருங்க. அது காப்புக்காடு, 2022-ல இருந்து ராம்சர்ங்கற உலக சதுப்பு நிலப் பட்டியல்லயும் இருக்கு, அதனால கெளைய ஒடிக்கறது, சாப்பிட்ட கவர தண்ணியில விடறதெல்லாம் வேணாம். படகுக்காரர் திரும்பலாம்னா திரும்பிடுங்க, அலையாத்திக்குள்ள தண்ணி எறங்கினா வழியே மாறும்.

பச்சைக்கிளி 4 வருஷமா வளர்க்கறோம், பேசவும் செய்யும். பக்கத்து வீட்டுக்காரர் போலீஸ்ல சொல்லுவேன்னு மிரட்டறாரு. – வாசகி, பண்ருட்டி

மிரட்டறவர் நோக்கம் என்னவோ, சட்டம் அவர் பக்கம்தான்மா. நம்மூர் பச்சைக்கிளிய வீட்டுல வைக்கவே கூடாது. லவ் பேர்ட்ஸ் வெளிநாட்டுப் பறவை, அதுக்கு தடையில்ல. ஆப்பிரிக்க சாம்பல் கிளி மாதிரி வெளிநாட்டு அரிய வகைன்னா பதிவு பண்ணணும். உங்க கிளிய நீங்களே கூண்ட திறந்து வெளிய விட்டுடாதீங்க, பறந்து பழக்கம் இல்லாததுனால அரை மணி நேரத்துல காக்கா கொத்திடும். கடலூர் வனத்துறை ஆபீசுக்கு போன் பண்ணி நீங்களாவே ஒப்படைங்க, ஒப்படைச்சதுக்கு எழுத்துல ஒரு ரசீது கேட்டு வாங்கிக்கங்க.