ஆண், பெண் வேறுபாடு பிறவியிலேயே உள்ளதா? பெண்ணியத்துக்குள் நடக்கும் வழக்கு: கேள்வி பதில்

ஆணும் பெண்ணும் இயல்பிலேயே வேறு என்று ஒரு பெண்ணியவாதி சொல்லலாமா?

தாராளமாக. சொல்லியும் இருக்கிறார்கள், மறுத்தும் இருக்கிறார்கள். ஆணை மகிழ்விக்கவே பெண் படைக்கப்பட்டாள் என்று தத்துவஞானி ரூசோ 1762இல் எழுதினார். படிப்பைக் கொடுக்காமல் வைத்துவிட்டு அறிவில் குறை காண்பது என்ன நியாயம் என்று 1792இல் ஆங்கில எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் திருப்பிக் கேட்டார். ஒருத்தி பெண்ணாகப் பிறப்பதில்லை, பெண்ணாக ஆகிறாள் என்று 1949இல் பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் த பொவார் எழுதினார். வேறுபாட்டை மதிப்போடு பேசிய அணிக்கு வலுச் சேர்த்தது 1982இல் வந்த, உளவியலாளர் கரோல் கில்லிகனின் நூல்.

கில்லிகன் சொன்னது, பெண்கள் அன்பானவர்கள் என்பதுதானே?

அப்படிச் சுருக்கியதால்தான் பாதிக் குழப்பம். மனிதருக்கு அறவுணர்வு வளர்வதை உளவியலாளர் கோல்பெர்க் ஆறு படிகளாக வகுத்தார். அதற்காக அவர் நெடுங்காலம் பின்தொடர்ந்த 84 பேரும் பையன்கள். மனைவி சாகக் கிடக்கிறாள், மருந்து வாங்கக் காசில்லை, கணவன் திருடலாமா? இது அவருடைய கேள்விகளில் ஒன்று. பணத்தைவிட உயிர் பெரிது, திருடலாம் என்கிறான் 11 வயது ஜேக். அதே வயது ஏமியோ, அவன் ஜெயிலுக்குப் போய்விட்டால் அவளை யார் பார்த்துக்கொள்வது என்று யோசிக்கிறாள். கடன் வாங்கலாமே, கடைக்காரரிடம் பேசிப் பார்க்கலாமே என்கிறாள். கோல்பெர்க்கின் கணக்கில் ஏமி ஒரு படி கீழே. கோளாறு அந்த அளவுகோலில் இருக்கிறது என்பதே கில்லிகனின் வாதம். வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது பற்றித் தான் எதுவும் சொல்லவில்லை என்று நூலின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். பிறவிக்குணம் என்று படித்தது வாசகர்கள்.

அந்த வேறுபாட்டை யாராவது அளந்தார்களா?

அளந்தார்கள். உளவியலாளர்கள் ஜாஃபி, ஹைட் இருவரும் 2000இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, அக்கறை சார்ந்த சிந்தனையில் பெண்கள் பக்கம் 0.28 அளவே சாய்வு இருந்தது. இந்த எண், ஆண், பெண் சராசரிகளுக்கு இடையிலுள்ள தூரத்தைத் திட்டவிலக்கத்தால் (மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவால்) வகுத்தால் வருவது. 0.2 என்றால் ஆண்கள், பெண்கள் பரவலைக் காட்டும் இரு வரைபடங்களும் ஏறக்குறைய 92% ஒன்றின்மேல் ஒன்று படியும், 0.5 என்றால் 80%. 2 என்றால் 32%. ஹைட் 2005இல் 46 தொகுப்பாய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். வேறுபாடுகளில் 78% சிறியவை அல்லது பூஜ்யத்தை ஒட்டியவை. பந்தெறியும் வேகத்தில் மட்டும் 2ஐத் தாண்டியது.

இனி யாராவது வேறுபாடு என்று பேசினால் முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள். அடுத்து, யாரை அளந்தார்கள் என்று கேளுங்கள். வளர்ந்தவர்களிடம் எடுத்த அளவு, பிறவியில் இருந்ததையும் வளர்ப்பில் வந்ததையும் பிரித்துக் காட்டாது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: சராசரியில் சிறிதாக இருக்கும் வேறுபாடு, வரைபடத்தின் இரு ஓரங்களிலும் பெரிதாகத் தெரியும்.

கருவிலேயே ஹார்மோன் வேலை செய்கிறதே?

செய்கிறது. பிறவி அட்ரினல் கோளாறால் கருவில் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனை அதிகம் பெற்ற சிறுமிகள், பையன்களின் விளையாட்டுச் சாமான்களைக் கூடுதலாக விரும்புகிறார்கள். அதிலிருந்து சம்பளத்துக்கோ பதவிக்கோ நியாயம் கற்பிக்க வழியில்லை.

இது பேராசிரியர்கள் சண்டைதானே?

இல்லை, நீதிமன்றம்வரை போயிருக்கிறது. சியர்ஸ் கடைகளில் கமிஷன் கிடைக்கும் விற்பனை வேலைகளில் பெண்கள் குறைவு என்று அமெரிக்க அரசின் சமவாய்ப்பு ஆணையம் வழக்குப் போட்டது. பெண்களின் விருப்பமே வேறு என்பது நிறுவனத்தின் வாதம். அதற்குச் சாட்சி சொன்னவர் ரோசலிண்ட் ரோசன்பெர்க். வாய்ப்புக் கிடைத்த போதெல்லாம் பெண்கள் அத்தகைய வேலைகளை எடுத்தார்கள் என்று எதிர்ச்சாட்சி சொன்னவர் ஆலிஸ் கெஸ்லர்-ஹாரிஸ். இருவருமே பெண்ணிய வரலாற்றாசிரியர்கள். 1986இல் நிறுவனம் ஜெயித்தது. 1988இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. வேலை கொடுப்பவர் கையில் 'வேறுபாடு' என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பிள்ளைப்பேறு பெண்ணுக்குத்தானே? அதிலும் சமம் என்று நிற்பதா?

இதில்தான் பெண்ணியவாதிகள் கடுமையாகப் பிரிந்தார்கள். கர்ப்பத்தால் வேலை செய்ய முடியாத காலத்துக்கு நான்கு மாதம்வரை விடுப்பு தர வேண்டும் என்றது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலச் சட்டம். பெண்ணுக்கு மட்டும் சலுகை என்றால் முதலாளிகள் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்கள், உடல்நலக் குறைவால் வர முடியாத எல்லோருக்கும் கொடுங்கள் என்றது ஒரு தரப்பு. பிள்ளை பெறுவதால் ஆண் வேலை இழப்பதில்லை, பெண்ணும் இழக்கக்கூடாது. அதுவே சமம் என்றது மறுதரப்பு. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. இரண்டாம் தரப்பின் வாதமே சரியென்று நினைக்கிறேன். 1993இல் நாடு முழுமைக்குமாக வந்த கூட்டாட்சிச் சட்டமோ முதல் தரப்பு கேட்ட வடிவில் இருபாலருக்கும் பொதுவானது: 12 வாரம், சம்பளம் கிடையாது, தனியார் துறையில் 50 பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்கு மட்டும். பிரசவித்தவளுக்கும் அதே 12 வாரம்தான்.