கூட்டமில்லாத பனிச்சறுக்கு: லோட்ஷென்டாலைப் பாருங்கள்

முதல் பனிச்சறுக்கு, 6 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள், கார் இல்லை, பிப்ரவரியிலும் நெரிசல் கூடாது என்கிறீர்கள். தயங்காமல் சுவிட்சர்லாந்தின் லோட்ஷென்டால் பள்ளத்தாக்குக்குப் போங்கள். பெர்னிலிருந்து கோப்பென்ஷ்டைன் வரை ரயில், அங்கிருந்து வீலர் கிராமத்துக்கு பஸ், பிறகு கேபிள் காரில் மேலேயுள்ள லாவ்கெர்னால்ப் பனிச்சறுக்குத் தலம்.

வீடு மேலேயே, ஏறத்தாழ 1,970 மீட்டர் உயரத்தில், எடுங்கள். கனத்த சறுக்குக் காலணியோடு சிணுங்கும் சின்னவனைத் தினமும் கேபிள் காருக்கு இழுத்துப் போவது பெரும்பாடு. அரிசி, பால் எல்லாம் கீழேயே வாங்கிவிடுங்கள்.

இதே பள்ளத்தாக்கிலிருந்த பிளாட்டென் கிராமம் 2025 மே மாதம் பனிப்பாறைச் சரிவில் புதைந்துவிட்டது, பாவம். பழைய கையேடுகளில் உள்ள அதன் விடுதிகளை நம்ப வேண்டாம். கடும் பனிப்பொழிவில் பள்ளத்தாக்குச் சாலையை மூடுவதுண்டு. ஆகவே, திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு பெர்னில் தங்குங்கள்.