வேலி கட்டவா படிக்க வைத்தேன்? – தாராபுரம் தந்தை ஒருவருக்குப் பதில்

ஐயா, வணக்கம். பி.எஸ்சி. அக்ரி முடித்த பையன் ஆஸ்திரேலியா போய் மாட்டுப் பண்ணையில் ஒரு வருடம் வேலை பார்க்கிறேன் என்கிறான், ஊரில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் கிடக்கட்டும். வேலை என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவில் ரான்ச் எனப்படும் பெரிய மாட்டுப் பண்ணையை அங்கே ஸ்டேஷன் என்பார்கள். அதில் மிகப் பெரியதான அன்னா கிரீக் 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். நம் திருப்பூர் மாவட்டத்தைப் போல மூன்று. எல்லா ஸ்டேஷனும் அவ்வளவு பெரிதல்ல. ஆனாலும் புதிதாகப் போகிற பையனுக்குக் குதிரையும் தொப்பியும் தருவார்கள் என்று அவன் நினைத்திருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள்: முதலில் கையில் கிடைப்பது குறடும் கையுறையும்தான்.

வேலி ஓரமாகவே வண்டியில் போக வேண்டும். கங்காரு முட்டியிருக்கும், காட்டுப்பன்றி அடியில் பறித்திருக்கும், மழைக்குப் பின் ஓடை கடக்கும் இடத்தில் குப்பை அடைத்துக் கம்பியையே இழுத்துப் போயிருக்கும். அறுந்த இடத்தில் புதுத் துண்டைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, ஸ்ட்ரெய்னர் என்ற கம்பி இழுக்கும் கருவியை வைத்து இறுக்கி, இரும்புக் கால்களில் கட்டி வர வேண்டும். கோடியில் நிற்கும் கனத்த கம்பம் சாய்ந்திருந்தால் நடுவில் எவ்வளவு இறுக்கினாலும் வீண். அதை நிமிர்த்தாமல் வேலி நிற்காது. இறுக்கிய கம்பி அறுந்தால் சாட்டை மாதிரி சுழன்று வரும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கம்பியைத் தொடாதே என்று இப்போதே அவன் காதில் போட்டு வையுங்கள்.

வேலியைவிடப் பொறுப்பான வேலை தண்ணீர். போர்வெல், தொட்டி, மிதவை வால்வு எல்லாவற்றையும் முறை வைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் ஒரு பெரிய மாடு நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் குடிக்கும். மிதவை சிக்கித் தொட்டி வற்றியதை யாரும் கவனிக்காவிட்டால் மந்தையே சாகும். பாசி பிடித்த தொட்டியைத் தேய்ப்பது, உப்பும் தாதுவும் கலந்த நக்குக்கட்டி வைப்பது, திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியபடியும் விட்டு வருவது எல்லாம் இதோடு சேர்ந்ததுதான்.

இதில் படிப்புக்கு என்ன லாபம்? பேங்க் பரீட்சைக்கு ஒன்றுமில்லை. மேய்ச்சல் மேலாண்மை, தீவனம், கால்நடைப் பண்ணை நிர்வாகம் பக்கம் போவான் என்றால் நிறைய இருக்கிறது. எந்த மேய்ச்சல் பட்டியை எப்போது ஓய்வுக்கு விடுவது என்பதை அங்கே புல்லைப் பார்த்தே முடிவு செய்வார்கள். அந்தப் புல் யார் தெரியுமா? அவர்கள் பஃபல் கிராஸ் என்பது உங்கள் கொறங்காட்டில், அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் காட்டில், முளைக்கிற கொழுக்கட்டைப்புல்தான்! மாட்டுக்காரர்கள் அதைக் கொண்டாடுவார்கள், காடு காப்பவர்கள் களை என்று திட்டுவார்கள்.

தனிமை கஷ்டம்தான். பக்கத்து வீடே பல மைல் தள்ளி. போன் சிக்னல் எல்லா இடத்திலும் வராது. நாலு சக்கர பைக் கவிழ்ந்து உயிர் போவது அங்கே அடிக்கடி நடக்கிறது. ஹெல்மெட் போட மறுக்கிற பையன் என்றால் அனுப்பாதீர்கள்.

விசா விஷயத்துக்கு வருகிறேன். ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்க விடுகிற வொர்க் அண்ட் ஹாலிடே விசா இந்தியர்களுக்கு 2024-இல்தான் திறந்தது. வயது 18 முதல் 30, வருடத்துக்கு 1,000 இடம், குலுக்கல் முறை, பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். குலுக்கலில் பேர் எடுத்துத் தருகிறேன் என்று உங்களிடம் லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அது யார் கையிலும் இல்லை. ஒரே முதலாளியிடம் பொதுவாக 6 மாதம்தான் இருக்கலாம் என்று ஒரு விதி உண்டு, ஆனால் மாடு வளர்ப்பு வேலைக்கு அதில் விலக்கு இருக்கிறது.

குலுக்கல் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். உங்கள் கொறங்காட்டு கிளுவை வேலியில் எங்கே சந்து விழுந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். சித்திரை வெயிலில் பதினைந்து நாள் அதை அடைக்க விடுங்கள், தொட்டியையும் அவனே கழுவட்டும். பதினாறாம் நாளும் போகிறேன் என்று சொன்னால் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வாருங்கள்.