காற்றறைகள் சுருங்காமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்தைக் கொடுத்த பிறகும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் குறைமாதக் குழந்தையின் நுரையீரல் வெள்ளையாகவே இருந்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமா?

அப்படி இல்லை. பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவராகச் சொல்கிறேன்: மருந்து பிடித்துக்கொண்டிருக்கும்போதே படம் வெள்ளையாக இருப்பது சகஜம்.

காற்று நிறைந்த நுரையீரலுக்குள் அல்ட்ராசவுண்ட் அலை போகாது, மேலுறையில் பட்டே திரும்பிவிடும். அப்போது திரையில் குறுக்கே சம இடைவெளியில் கோடுகள் விழும். அவை ஏ கோடுகள். காற்று குறைந்து நீர் கூடினால் மேலிருந்து கீழே வெள்ளைக் கோடுகள் இறங்கும். அவை பி கோடுகள். இவை நெருங்கி ஒன்றாகிவிட்டால் திரையே வெளுத்துவிடும். பிறந்ததும் மூச்சுத் திணறும் குறைமாதக் குழந்தைகளிடம் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறோம். இதை எண்ணால் அளக்க, நெஞ்சின் இடது, வலது பக்கங்களில் தலா 3 இடம் பார்ப்போம்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், அதிகபட்சம் 18. எண் ஏற ஏற நுரையீரலின் நிலை மோசம்.

சர்ஃபாக்டன்ட் ஒரு திரவம். அதை மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள்ளேயே விடுகிறோம். சுருங்கிக் கிடந்த காற்றறைகள் திறந்ததும் ஆக்சிஜன் தேவை சில நிமிடங்களிலேயே இறங்கலாம். உள்ளே இருக்கும் நீர் வடிந்து படம் தெளிவதற்கோ மணிக்கணக்கில் ஆகும். அதனால் முதல் சில மணி நேரம் நான் ஸ்கேனை விட, குழந்தைக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்பதையும், மூச்சுக்கு நெஞ்சு எவ்வளவு உள்வாங்குகிறது என்பதையும்தான் நம்புவேன். ஆக்சிஜன் தேவை இறங்காமல் படமும் அப்படியே இருந்தால்தான் இன்னொரு டோஸ் வேண்டுமா, வேறு காரணம் இருக்கிறதா என்று யோசிப்பேன்.

ஒரே ஒரு ஸ்கேனை வைத்து முடிவு கட்டவும் கூடாது. குழந்தை வெகுநேரம் மல்லாந்து படுத்திருந்தாலே முதுகுப் பக்கம் வெளுத்துத் தெரியும். அதே இடங்களில், அதே நிலையில் படுக்கவைத்து எடுத்த முந்தைய படத்தோடு ஒப்பிட வேண்டும். வாரக்கணக்கில் ஆக்சிஜன் தேவைப்படும் குழந்தைக்கு ஸ்டீராய்டோ நீர் பிரியும் மருந்தோ கொடுக்கும்போது இந்த ஒப்பீடு நிஜமாகவே உதவுகிறது. கதிர்வீச்சு கிடையாது என்பதால் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஜெல்லைச் சூடாக்கி, குழந்தையை அதிகம் அசைக்காமல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நுரையீரல் அளவுக்கு மீறி உப்பியிருந்தால் ஸ்கேன் அதைச் சரியாகக் காட்டாது. அதற்கும், மூச்சுக்குழாய்க்குள் வைத்த டியூப் எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் எக்ஸ்ரே வேண்டும். ஆகவே எக்ஸ்ரேயும் எடுத்தால் பதறாதீர்கள். மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: போன ஸ்கேனுக்கு இது எப்படி இருக்கிறது, ஆக்சிஜன் எத்தனை சதவீதத்தில் போகிறது?